பின்பனியும் காமன் விழாவும்

தோற்றுவாய்

பனிக்காலம் கழிந்து வேனிற்காலம் தோன்றும் இடைப்பொழுதினைத் தீ மூட்டிக் கொண்டாடும் வழக்கம் உலகில் பல நாடுகளில் காணப்படுகின்றது. அவற்றுள் உருசிய நாட்டு மாஸ்லெனித்சா விழா பெரிதும் அறியப்பட்டதாகும். கிறித்தவர் உயிர்ப்புப் பெருநாளுக்கு முன் மேற்கொள்ளும் பெருநோன்பு தொடங்குதற்கு முந்திய ஒரு வாரம் இவ்விழா நிகழும். 'மாஸ்லோ' என்பது வெண்ணெயைக் குறிக்கும் சொல். இறைச்சி விலக்கப்பெற்று, வெண்ணெயும் பாலும் முட்டையும் மட்டும் கொள்ளப்பெறும் வாரம் ஆதலின் விழா இப்பெயர் பெற்றது. வட்டமான மெல்லிய அப்பங்களை மக்கள் சுட்டு உண்பர். பனிச்சறுக்கு வண்டிகளில் ஊர்வர். இறுதி நாளாகிய ஞாயிறன்று, வைக்கோலாற் செய்து பெண்ணுடை அணிவித்த பாவையை ஊர்ப்புறத்தே எரித்துக் குளிர்காலத்திற்கு விடைகொடுப்பர். அன்றே ஒருவரையொருவர் பிழை பொறுக்குமாறு வேண்டிக் கொள்வதும் மரபு.

தமிழகத்தில் இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்க விழா யாது? மாசித் திங்களில் நிகழும் காமன் பண்டிகையே அஃது என்பது தெளிவு. இதனைக் காமன் கூத்து எனவும் காமதகனம் எனவும் வழங்குவர். ஆயின், 'அங்கும் தீ, இங்கும் தீ. அங்கும் வைக்கோல், இங்கும் வைக்கோல். ஆகவே இரண்டும் ஒன்றே' என முடிவு கட்டுதல் ஆராய்ச்சி நெறியாகாது. எரிக்கப்படுவது யாது, எரித்தபின் நிகழ்வது யாது என்னும் இரண்டு வினாக்களை எழுப்பி இவ்விழாவின் இயல்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்பனியும் பாலையும்

ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். ஆவணி முதலாக எண்ணும் உரையாசிரியர் மரபின்படி, மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். அதனை அடுத்து வரும் சித்திரையும் வைகாசியும் இளவேனில். எனவே மாசி நிறைமதி நாளில் நிகழும் காமனெரிப்பு, பின்பனிக்கு உரிய விழாவாகின்றது.

தமிழ்நாட்டுப் பின்பனி உருசியப் பனி அன்று. நாஞ்சில் நாட்டினை எடுத்துக்கொள்வோம். இங்கு ஈராண்டுக்கு ஒருமுறையேனும் பனிக்கட்டியைக் கண்டார் ஒருவரும் இலர். விடியற்காலையில் வயல்வரப்பிலும் வாழையிலையிலும் பனித்துளி நிற்கும். ஞாயிறு ஏறியதும் வெயில் சுடும். கன்னிப்பூ, கும்பப்பூ என இருபூ விளையும் இந்நாட்டில், கும்பப்பூ அறுவடையை ஒட்டி வருவது இக்காலம். மலையாள வழக்கில் மாசித் திங்களுக்குக் கும்பம் என்பது பெயர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சிகளின் கீழ் இருந்த இப்பகுதியில் அப்பெயரே பயிருக்கும் வழங்குகின்றது. மண்டைக்காட்டுப் பகவதியம்மன் கொடை நிகழ்வதும் மாசியிலேதான். களத்தில் நெல்லும் கோயிலில் கூட்டமும் நிறையும் இக்காலத்தினை, ஓட்டித் துரத்த வேண்டிய பகைக்காலமாக இங்குள்ளார் எவரும் கருதுவதில்லை.

இப்பருவத்தினைத் தொல்காப்பியர் எங்ஙனம் கண்டார் என்பது ஈண்டுக் கருதற்பாலது. பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் உரிமையாக்கிய அவர், பின்பனியும் அதற்கு உரித்து என்று தனியே ஓதுகின்றார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. ஆகவே பின்பனி என்பது தமிழ் அகமரபில் பிரிவுக்குரிய பருவங்களுள் ஒன்று. குளிர் நீங்கும் மகிழ்ச்சியைக் காட்டிலும், வெம்மை வரும் அச்சமும் துணையைப் பிரிந்த துயரமுமே இப்பருவத்தோடு இயைந்தன. இதனை மனத்திற்கொண்டு காமன் விழாவினை நோக்குதல் வேண்டும்.

இலக்கியச் சான்றுகள்

காமவேள் விழாவினைக் கலித்தொகையின் பாலைக்கலி குறிக்கின்றது. இளவேனில் வந்ததே, தலைவன் வந்திலனே எனத் தலைவி கலங்குகின்றாள். காமவேள் விழா வருமாயின் அவள் பெரிதும் வருந்துவாள் என்பதனை உணர்ந்தே தலைவன் தேரொடு மீண்டான் எனத் தோழி ஆற்றுவிக்கின்றாள். இங்கே விழா, பிரிந்தவர் கூடுதற்குரிய எல்லை நாளாக அமைகின்றது. எரிப்புப் பற்றிய குறிப்பு ஒன்றும் அங்கு இல்லை.

சிலப்பதிகாரத்தில் நிலை சிறிது வேறுபடுகின்றது. கனாத்திறம் உரைத்த காதையில், சோமகுண்டம் சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனைக் கூடலாம் எனத் தேவந்தி கூறக் கண்ணகி மறுக்கின்றாள்; அது தமக்குப் பெருமையன்று என்பது அவள் விடை. பிரிந்த மகளிர் காமனை வழிபட்டுக் கூட்டம் வேண்டும் வழக்கம் புகாரில் இருந்தமை இதனாற் பெறப்படும்.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழி முதற்பத்து மேலும் தெளிவு தருகின்றது. தை முழுதும் தரை விளக்கி மண்டலமிட்டு, மாசி முன்னாட்களில் தெருவினை அணிசெய்து, பங்குனியிலும் நோன்பு தொடர்கின்றார். நெல், கரும்பு, கட்டி, அரிசி, அவல் ஆகியன படைக்கப்படுகின்றன. முன்பனியின் பிற்பகுதியில் தொடங்கிப் பின்பனி ஊடே செல்லும் இந்நோன்பின் கால எல்லையும், படைக்கப்படும் கரும்பும் இன்றைய காமன் பண்டிகையை நினைவூட்டுவன. அன்றியும், ஆண்டாள் காமனை 'அனங்கன்' என விளிக்கின்றார். அனங்கன் என்பது உடல் இல்லாதவன் எனப் பொருள்படும். காமன் எரிந்த கதை வழிபடுவார் உள்ளத்தில் முன்னரே இடம்பெற்றிருந்தது என்பதற்கு இவ்வொரு சொல்லே சான்றாகும்.

எரித்த கதையினைச் சைவ மரபு போற்றியது. சிவபெருமானின் அட்டவீரட்டங்களுள் காமனை எரித்த தலம் மயிலாடுதுறைக்கு அண்மையில் உள்ள திருக்குறுக்கை. அப்பரின் தேவாரம் பெற்றது. கச்சியப்பரின் கந்தபுராணம் காமதகனத்தை விரித்துரைக்கின்றது. இரதி வேண்ட, இறைவன் திருமண நாளில் காமனை மீட்டுத் தந்தான் என்றும், அவன் இரதிக்கு உருவுடையனாகவும் ஏனையோர்க்கு உருவிலியாகவும் ஆயினான் என்றும் புராணம் கூறும்.

ஆக, இலக்கியத்தில் இரு மரபுகள் தனித்தனியே நிற்கின்றன. ஒன்று, கூட்டம் வேண்டிக் காமனை வழிபடும் அகமரபு; மற்றொன்று, காமனை எரித்த இறைவனைப் போற்றும் புராண மரபு.

ஊர்ப்புற விழா

இவ்விரு மரபுகளையும் ஒன்றாகப் பிணைத்தவர் ஊர்ப்புற மக்களே என்பது எம் கருத்து. தஞ்சை, மதுரைப் பகுதிகளில் நிகழும் விழாவின் பொது அமைப்பு வருமாறு. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையன்று தெருவின் ஓரிடத்தில் மண்மேடை அமைத்துக் கரும்பு, பேக்கரும்பு, ஆமணக்கு முதலியவற்றை நட்டு, வைக்கோற்பிரி சுற்றி, வறட்டி கட்டிக் காமனாக நிறுத்துவர். பொருள்கள் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். வளர்பிறை நாள்தோறும் வழிபாடும் பாட்டும் நிகழும். நிறைமதி இரவில் இரதியும் மதனும் வேடம் புனைந்து தோன்றுவர். கணவனைத் தடுக்கும் இரதியின் மன்றாட்டும், அவன் கேளாது செல்லுதலும் கூத்தாக நடிக்கப்பெறும். நெற்றிக்கண் தீயாக வாணம் பாய்ந்து காமனை எரிக்கும். இரதியின் ஒப்பாரி எழும். மூன்றாம் நாள் காமன் உயிர்த்தெழுவான்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் இக்கூத்தினையும் உடன்கொண்டு சென்றனர். அங்கே தப்பிசை முழங்க, வீரபத்திரன், யமன், தூதன் முதலிய பாத்திரங்கள் தோன்ற, தோட்டமே மேடையாக இது நிகழ்கின்றது. சொந்த ஊரையும் சுற்றத்தையும் பிரிந்து சென்றவரிடையே பிரிவின் விழா வேரூன்றியமை வியப்பன்று.

வடமலபாரில் வேறொரு வடிவம் உளது. மீனத் திங்களில், அஃதாவது பங்குனியில், கன்னியர் பூவால் காமனைச் செய்து பூரநாள்வரை வழிபட்டு வழியனுப்புவர். அங்கு எரிப்பு இல்லை. ஆண்டாளின் நோன்போடு நெருங்கியது அவ்வடிவம். திருக்குறுக்கைக் கதையோடு நெருங்கியது தஞ்சை வடிவம். இரண்டையும் ஒப்பவைத்து ஆராய்தல் தமிழ், மலையாளம் இரண்டும் பயின்ற நாஞ்சில் நாட்டு மாணவர்க்கு எளிதிற் கைகூடும்.

எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

இவ்விழாவின் தனிச்சிறப்பு இலாவணி என்னும் வாதப்பாட்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1855 வரை தஞ்சையில் நிலவிய மராத்தியர் ஆட்சியின் வழியே வந்த இசைவடிவம் இது. பாடுவோர் இரு கட்சியாகப் பிரிவர். காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மறு கட்சி. புராணமும் தருக்கமும் எடுத்துக்காட்டி இரவெல்லாம் வினாவும் விடையுமாகப் பாடுவர்.

இதனைப் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் பொருந்தாது. கண்முன்னே வைக்கோல் எரிந்து சாம்பலாகின்றது. 'எரியவில்லை' என்று பாடுவானுக்கு என்ன துணிவு? அவனுக்குப் புராணமே துணை. உருவிலியாயினும் உளன் அல்லனோ என்பான். எரிந்த கட்சியானோ, உரு அழிந்ததே அழிவன்றோ என்பான். பிரிந்தவன் இல்லாதவனா, இருப்பவனா என்னும் வினாவே இது. பாலைத் தலைவியின் உள்ளத்துள் நிகழ்ந்த போராட்டம் இங்கே தெருவில் இரு கட்சியாக நின்று பாடுகின்றது. வாதம் முடிவுறாமையே விழாவின் உயிர்நிலை.

ஒப்புமையும் வேறுபாடும்

உருசிய அறிஞர் விளாதிமிர் பிராப் 1963இல் வெளியிட்ட உருசிய உழவர் விழாக்கள் பற்றிய நூலில், பாவையை அழித்தல் வயலின் வளத்தோடு தொடர்புடையது என விளக்கினார். பாவையின் சாம்பலையோ வைக்கோலையோ வயலில் இடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதன் இறுதிச் சடங்கு அழுகையாகத் தொடங்கினும் நகையாகவே முடியும். எரிந்த பாவை மீண்டும் எழுவதில்லை. மறு ஆண்டு புதிதாகச் செய்யப்படும்.

வேறுபாடு இப்போது விளங்கும். அங்கு எரிவது கழிய வேண்டிய குளிர்காலம், ஆகவே நகை. இங்கு எரிபவன் வேனிலின் தோழன், யாவரும் விரும்பும் காமன், ஆகவே ஒப்பாரி. அங்கு எரிந்ததற்கு மீட்சி வேண்டுவதில்லை. இங்கு மீட்சியின்றி விழா முடிவதில்லை. செயல் ஒன்று, பொருள் மறுதலை. 1890இல் முதன்முதல் வெளிவந்த பிரேசரின் 'பொற்கிளை' நூலினைப் பின்பற்றி, எல்லாத் தீவிழாக்களையும் இறந்து எழும் தெய்வம் என்னும் ஒரே அச்சில் வார்ப்பார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

மற்றொரு தவற்றினையும் தவிர்த்தல் வேண்டும். இன்றைய காமன் பண்டிகையே கலித்தொகைக் காமவேள் விழா என்று கூறிவிடுதல் தமிழ்ப்பற்றுக்கு இனிது. ஆயின் சான்றுக்கு இயையாது. கலித்தொகை விழா இளவேனிலைச் சார்ந்தது, எரிப்பு அறியாதது. தொடர்ந்து வந்தது சடங்கு அன்று. பிரிவையும் காமனையும் பருவமாற்றத்தையும் இணைத்துக் காணும் உள்ளப்பாங்கே தொடர்ந்து வந்தது. அதனைக் கூறுதற்கே நமக்குச் சான்று உண்டு.

முடிவுரை

காமன் விழாவினைக் கலித்தொகையில் மட்டும் படிக்கும் மாணவர், அதனை மறைந்த விழா எனக் குறித்துக்கொள்கின்றனர். தெருவில் மட்டும் காண்பவர், அதனைக் கல்லாதார் கூத்து எனக் கழிக்கின்றனர். இருவர்க்கும் இழப்பு உண்டு. அகமரபும் புராண மரபும் ஏட்டில் ஒன்றையொன்று நோக்காது நின்றன. எழுத்தறியாப் பாடகரே எரித்தபின் அழுது, அழுதபின் எழுப்பி, அவ்விரண்டையும் பொருத்தினர். இலாவணி பாடவல்லார் அருகி வருகின்றனர். எந்நாளில் நட்டனர், எவற்றை நட்டனர், எக்கட்சி முதலில் பாடிற்று, மூன்றாம் நாள் எழுப்புதல் உண்டா இல்லையா என்பனவற்றை ஊர்தோறும் சென்று எழுதி வைத்தல் நம் முதுகலை மாணவர் கடன். பாலைக்குப் பின்பனியும் உரித்து என்ற தொல்காப்பிய விதிக்கு, ஏட்டிலுள்ள உரைகளேயன்றி, மாசி நிலவில் எழும் இரதியின் ஒப்பாரியும் ஓர் உரை எனக் கொள்ளத்தகும்.