காயத்தில் பற்றும் தீ

தேவ்நார் குப்பை மேட்டில் பிழைப்பவர்களுக்குக் காலில் கண்ணாடிச் சில்லோ ஊசியோ ஏறுவது புதிதல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மஞ்சளை அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். பெரும்பாலான காயங்கள் ஆறிவிடும். ஆறாததை 'செப்டிக் ஆகிவிட்டது' என்பார்கள்.

மருத்துவர்கள் அஞ்சும் 'செப்சிஸ்' அதற்கும் அப்பால். தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல், நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் நிலை அது. 2017இல் மட்டும் உலகெங்கும் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தனர் என்று மதிப்பிட்டது 2020இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு.

கொல்வது கிருமி மட்டுமல்ல. ரத்த வெள்ளணுக்கள் ஆக்சிஜனையே ஆயுதமாக்குகின்றன. சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஏன், பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரையும்போது உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தைக்கூடத் தயாரித்துக் கிருமிகளைத் தாக்குகின்றன. சிறு காயமென்றால் சண்டை அந்த இடத்தோடு முடியும். தொற்று கைமீறினால் உடல் முழுக்கப் பரவும். ரத்தக்குழாய்களின் சுவர் கசிகிறது. செல்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா சேதமடைகிறது. இந்தத் தீயை அடக்கும் குளுட்டாதயோனும் வைட்டமின் சியும் குறைந்துபோகின்றன. விளைவு, ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் செல்கள் திணறுகின்றன.

குறைந்த வைட்டமினை ஊசி மூலம் ஏற்றினால்? 2017இல் அமெரிக்க மருத்துவர் பால் மாரிக், வைட்டமின் சியை வேறு இரு மருந்துகளுடன் கொடுத்ததில் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்ததாக அறிவித்தார். ஒப்பிடப்பட்டது மொத்தம் 94 பேரை மட்டுமே. ஆனாலும் பரபரப்பு கிளம்பியது. 2022இல் வந்தது ஏமாற்றம். 872 நோயாளிகளிடம் நடந்த 'லோவிட்' ஆய்வில், வைட்டமின் சி மட்டும் ஏற்றப்பட்டவர்களில் 44.5 சதவீதம் பேர் 28 நாள் முடிவில் இறந்திருந்தனர் அல்லது உறுப்புச் செயலிழப்போடு இருந்தனர். வெற்று மருந்து பெற்றவர்களில் இது 38.5 சதவீதம்தான்.

கிருமியைக் கொல்வதும் உறுப்பைச் சுடுவதும் ஒரே தீ. அதை மட்டும் தனியே அணைக்கும் மருந்து இன்னும் இல்லை. கைவசம் இருப்பது நேரம்தான். உரிய ஆன்டிபயாடிக், சலைன், சீழை அகற்றுதல். ரத்த அழுத்தம் சரிந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தரவேண்டும் என்கின்றன 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டு நெறிகள்.

காயம்பட்டவருக்குக் குளிர் ஜுரம், மூச்சிரைப்பு, பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைவு இவற்றில் எது தெரிந்தாலும் மஞ்சளும் துணியும் போதாது. அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை.