ஒரு கிழமைக்கான மரக்கறிச் சமையலும் வீட்டுத் தோட்டமும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் ஆடி அமாவாசைக்குப் பின்வரும் ஆறாம் நாளிற் கொடியேறி, 25 நாட்கள் நடைபெறுகின்றது. அந்நாட்கள் முழுவதும் மச்சமாமிசம் நீக்கி மரக்கறி உணவே கொள்ளும் குடும்பங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிகப் பல. செவ்வாய், வெள்ளிகளில் மாத்திரம் மரக்கறி சமைத்துவந்த வீட்டுப் பெண், மூன்றரைக் கிழமைக்குக் கறியை மாற்றி மாற்றிச் சமைக்கவேண்டியவள் ஆகின்றாள். சந்தையில் மரக்கறி விலை ஏறுவதும் இக்காலத்தில் வழக்கம். விளைவை விற்கும் கமக்காரனுக்கு அவ்விலையேற்றம் நன்மையே. ஆயின், காலையிற் கத்தரிக்காயை விற்ற அதே சந்தையில் வேறு மரக்கறிகளை அதிக விலைக்கு வாங்கி, அவற்றில் ஒரு பகுதியை வாடவிட்டு எருக்குழியிற் கொட்டுவானாயின், பெற்ற நன்மை எங்கே போயிற்று என்பதை அவன் கணக்குப் பார்த்தல் வேண்டும்.

இது சிறு விடயமன்று. 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் பார்க்க ஏறக்குறைய 95 வீதம் கூடியிருந்தது. சமையல் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றதும் அவ்வாண்டிலேயே. அக்காலத்தில் ஒரு பிடி கீரையையும் வீணாக்காத வீடுகள் பல, நிலைமை தணிந்ததும் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டன.

கிழமைச் சமையலைத் தீர்மானிக்கும் இடம் சந்தையன்று. சந்தைக்குப் போகும் நாளுக்கு முதல்நாள் மாலையில், வீட்டில் உள்ளவை யாவை, தோட்டத்தில் அடுத்த சில நாட்களிற் பறிக்கத்தக்கவை யாவை என்று பார்த்தல் வேண்டும். தோட்டத்தைக் கணவன் பார்க்கிறான், அடுக்களையை மனைவி பார்க்கிறாள். இருவரும் இதனைக் கூடிப் பேசும் வீடுகள் குறைவு. பூசணிக்காய் மூன்று வீட்டிற் கிடக்க, நான்காவது ஒன்று சந்தையிலிருந்து வந்துசேர்வது இதனாலேயாகும்.

அடுத்ததாக, எது முதலிற் பழுதாகுமோ அதனை முதலிற் சமைத்தல் வேண்டும். இலைக்கறிகள் பறித்த நேரந்தொட்டு நீரை இழக்கின்றன. ஆதலின் முளைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை ஆகியவை முதல் இரண்டு நாட்களுக்கு உரியவை. வாழைப்பூவும் வெண்டிக்காயும் அவ்வாறே. கத்தரிக்காய், பயற்றங்காய், புடலங்காய், பாகற்காய் ஆகியவற்றை நிழலில், காற்றுப்படும் இடத்திற் பரப்பி வைத்தால் மூன்றாம் நான்காம் நாட்களுக்கு உதவும். கிழமையின் இறுதிக்கு வாழைக்காய், கருணைக்கிழங்கு, உருளைக்கிழங்கு, பூசணிக்காய் இருக்கின்றன. நன்கு முற்றிய பூசணிக்காயைக் காம்புடன் வெட்டி, உலர்ந்த இடத்தில் வைப்பின் மாதக்கணக்கில் இருக்கும். ஆயின் வெட்டிய துண்டு இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நில்லாது. ஆகவே பெரிய காயொன்றை வெட்டும் நாளில், அயல்வீட்டாருக்குக் கொடுப்பதா, மறுநாளும் வேறு விதமாகச் சமைப்பதா என்பதை முன்னரே எண்ணிக்கொள்ளுதல் நன்று.

மரவள்ளி இவ்வரிசையில் அடங்காத ஒன்று. நிலத்தில் நிற்கும்வரை அது கெடுவதில்லை. கிளறியெடுத்த இரண்டு மூன்று நாட்களுள் கிழங்கின் உட்புறம் கறுக்கத் தொடங்கும். எனவே ஒரே நாளிற் பல மரங்களைப் பிடுங்காது, வேண்டியபோது ஒவ்வொன்றாகப் பிடுங்குவதே முறை. தோலை முற்றாக நீக்கி, நிறைந்த நீரில் மூடாது அவித்து, அந்நீரை வடித்துவிடல் வேண்டும். கிழங்கில் உள்ள நச்சுத்தன்மை குறைவதற்கு இது இன்றியமையாதது.

இன்று பல வீடுகளிற் குளிர்சாதனப் பெட்டி உண்டு. அதனுள் வைத்த எல்லாம் நெடுநாள் இருக்கும் என்று நம்புவது தவறு. கழுவிய கீரையை ஈரத்துடன் பொலித்தீன் பையிற் கட்டி வைத்தால் அது அழுகும்; ஈரம் உலர்ந்தபின் துணியிற் சுற்றி வைக்க வேண்டும். வாழைக்காய், கத்தரிக்காய், தக்காளி ஆகியவற்றுக்கு மிகு குளிர் ஆகாது. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் இடுதல் கூடாது. வெங்காயத்தைப் பிடி கட்டிக் காற்றோட்டமான இடத்திலே தொங்கவிடும் பழைய முறைக்கு ஈடானது வேறில்லை. உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும். ஒளிபட்டுப் பச்சை நிறமடைந்த பகுதி உண்ணத் தகாதது, மாட்டுக்கும் இடலாகாது.

மரக்கறி உணவு உண்போர் கறிகளின் தொகையைப் பெருக்குவதிலும் பார்க்கப் பருப்பு வகைகளைத் தவறாது சேர்ப்பதில் அக்கறை கொள்ளல் வேண்டும். உலர்ந்த பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றின் 100 கிராமில் ஏறக்குறைய 22 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு. சோற்றின் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பும், பருப்பின் குறையைச் சோறும் நிரப்புகின்றன. பருப்பு வகைகள் கெடாமல் இருப்பவை. ஆகையால் மழையினாலோ வேலை மிகுதியினாலோ சந்தைக்குப் போகமுடியாத நாளுக்கு இவையே கைகொடுக்கும். வெயிலில் நன்கு காயவிட்டு, ஆறியபின் மூடியுள்ள தகரப் பேணியில் இட்டால் வண்டு அணுகாது. கீரையுடன் தேசிக்காய்ப்புளி சிறிது சேர்த்தால் அதிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வது கூடும். உண்டவுடன் தேநீர் அருந்துவது அதற்குத் தடையாகும். இவ்வழக்கத்தை விடுவது எளிதன்று என்பதும் தெரிந்ததே.

சமைத்தபின் வீணாவதே பலருடைய கவனத்துக்கு வராதது. தேங்காய்ப்பால் சேர்ந்த கறியும் சொதியும் வெப்பநாளில் மாலைக்குள் புளித்துவிடும். மத்தியானத்துக்கும் இரவுக்கும் ஒரே முறையிற் சமைப்பவர்கள், காயை அவித்து உப்பும் தூளும் இட்டபின், இரவுக்கு வேண்டியதை வேறு சட்டியில் எடுத்து, ஆறியதும் குளிரில் வைத்துவிட்டு, மிகுதிக்கு மாத்திரம் பால் விடலாம். இரவிற் சட்டியை நன்றாகக் கொதிக்கவைத்து அப்போது பால் சேர்த்தால் புதுக்கறியின் சுவையே இருக்கும். 2024 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தேங்காய் விலை ஏறிய ஏற்றத்தைக் கண்டவர்களுக்கு இதன் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சோற்றை நாள் முழுவதும் பானையிலே வைத்துவிட்டு இரவிற் சூடாக்கி உண்பது ஆபத்தானது. அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மீளச் சூடாக்குவதால் நீங்குவதில்லை. ஆகவே வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு உண்பர் என்று அறிந்து, சுண்டினால் அளந்து அரிசி போடுவதே சிறந்தது. கைக்கணக்கில் அரிசி அள்ளுவோர் பெரும்பாலும் கூடவே அள்ளுகின்றனர்.

கிழமைச் சமையலைத் திட்டமிடுவதில் கமக்காரன் செய்யத்தக்க பெரிய உதவி பாத்தியில் உள்ளது. முளைக்கீரையை ஒரு பெரிய பாத்தியில் ஒரே நாளில் விதைத்தால், மூன்று நான்கு கிழமைகளின் பின் யாவும் ஒரே நேரத்திற் பறிக்கும் பருவமடையும். ஒரு பகுதியை உண்பர், எஞ்சியது பூத்து முற்றும். அப்பாத்தியை நான்காகப் பிரித்து, கிழமைக்கு ஒன்றாக விதைப்பின், ஒவ்வொரு கிழமையும் இளங்கீரை கிடைக்கும். வெண்டிக்காயை ஒன்றுவிட்ட ஒருநாள் பறித்தல் வேண்டும். பறிக்காது விட்டால் நார்பற்றி உதவாது போவதுடன் செடியின் காய்ப்பும் குறையும். சந்தைக்கு அனுப்பும் நாளையும் வீட்டுக்குப் பறிக்கும் நாளையும் இதற்கிசைய வகுத்துக்கொள்ளலாம். சந்தையிற் கழிக்கப்படும் வளைந்த புடலங்காய்க்கும் சிறுத்த கத்தரிக்காய்க்கும் சுவையிற் குறைவில்லை. அவற்றை முதலில் வீட்டுக்கு ஒதுக்கியபின் நல்லனவற்றைக் கூடையில் அடுக்குவது வழக்கமாதல் வேண்டும். அளவுக்கு மிஞ்சிக் காய்க்கும் பாகற்காயையும் கத்தரிக்காயையும் ஆடி, ஆவணி வெயிலில் வற்றலாக்கிவிட்டால், மார்கழி மழையிற் கறிக்கு அலையவேண்டி வராது.

கிணற்றில் நீர் வற்றும் காலத்தில் நான்கு பாத்திகளுக்கும் இறைக்க இயலாதவர், வீட்டுக் கிணற்றடியில் வழிந்தோடும் நீர் பாயும் இடத்தில் இரண்டு பாத்தியேனும் போடலாம். சவர்க்கார நீர் கலவாதபடி வாய்க்காலைத் திருப்பிவிடுதல் அவசியம். திருவிழாக் காலத்துக்கென விதைப்பவர்கள் கொடியேற்றத்துக்கு நான்கு கிழமை முன்னதாக முதற்பாத்தியையும், பின்னர் கிழமைக்கு ஒன்றாக ஏனையவற்றையும் விதைத்தல் வேண்டும்.