மாடி வீட்டுத் தரை முடிப்பு

மாடி வீட்டுத் தரை முடிப்பு என்பது புதிதாகக் கட்டப்படும் வீடொன்றின் மாடிப்படிகளிலும் மேல்தளங்களிலும் இறுதியாக இடப்படும் நடைபரப்பைக் குறிக்கும். கல், தரையோடு, மொசைக், மரம் முதலியவற்றுடன் அவற்றைப் பதிக்க உதவும் சிமெண்டுக் கலவையும் இதனுள் அடங்கும். கட்டட வேலையின் இறுதிக் கட்டத்தில் செய்யப்படுவதால், இதைப் பற்றிக் கடைசியில் முடிவெடுத்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் முடிப்பின் தடிமன் படிகளின் உயரத்தை மாற்றுகின்றது. அதன் எடையைத் தளம் தாங்க வேண்டியுள்ளது. எனவே கான்கிரீட் ஊற்றப்படுவதற்கு முன்னரே இது தீர்மானிக்கப்பட வேண்டும். இக்கட்டுரை தமிழ்நாட்டில் இன்று வழக்கிலுள்ள வலுவூட்டிய கான்கிரீட் வீடுகளையே முதன்மையாகக் கருதுகின்றது.

முன்னைய முறைகள்

கான்கிரீட் பரவுவதற்கு முன்னர் மேல்தளங்களும் கூரைகளும் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் முறையில் அமைக்கப்பட்டன. இதில் தேக்குமரச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக நிறுத்தி அடுக்கப்படும். அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த படலம் இட்டுத் தட்டோடு பதிப்பர். பின்னர் சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்டுப் பூச்சும் மொசைக் தரையும் பெருவழக்காயின. சிவப்புப் பூச்சு மெல்லியது, மலிவானது, இணைப்புக் கோடுகள் அற்றது. எனினும் விரிசல் விட்டால் நிறம் பொருந்தும்படி ஒட்டுப்போடுவது கடினம். செட்டிநாட்டின் ஆத்தங்குடி ஓடுகள் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையையும் சிமெண்டையும் வார்த்து, நீரில் பதப்படுத்தி அவை செய்யப்படுகின்றன.

படி உயரமும் முடிப்பின் தடிமனும்

ஒரு படியில் கால் வைக்கும் பகுதியின் அகலத்தையும், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் உயரத்தையும் தனித்தனியே கணக்கிடுவர். 17 ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரான பிரான்சுவா புளொண்டெல், படி உயரத்தின் இரு மடங்கையும் அகலத்தையும் கூட்டினால் மனிதனின் ஓர் இயல்பான நடையளவு வர வேண்டும் என்றார். இன்று இத்தொகை ஏறத்தாழ 600 முதல் 640 மி.மீ. வரை எனக் கொள்ளப்படுகின்றது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீடுகளுக்குக் குறைந்தது 250 மி.மீ. அகலமும், கூடியது 190 மி.மீ. உயரமும் கூறுகின்றது.

இவ்வளவுகளை விட இன்றியமையாதது, எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருப்பதாகும். இரண்டு மூன்று படிகள் ஏறியதும் கால் அவ்வுயரத்தைப் பழகிக்கொள்கின்றது. அதன் பின் பார்வை படியை விட்டு விலகிவிடும். பாதம் படியின் விளிம்பைச் சிறிதளவு இடைவெளியில்தான் கடக்கின்றது என்பதால், ஒரு படி மட்டும் மாறுபட்டால் ஏறுபவர் தடுக்கி விழவும், இறங்குபவர் நிலைதடுமாறவும் நேர்கின்றது. அமெரிக்காவில் பின்பற்றப்படும் பன்னாட்டு வதிவிட விதித்தொகுப்பு, ஒரு படிவரிசையில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையே 9.5 மி.மீ. வேறுபாட்டை மட்டுமே அனுமதிக்கின்றது.

தமிழ்நாட்டு வீடுகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் முதற் படியிலும் கடைசிப் படியிலும் தோன்றுகின்றது. காரணம் எளிய கணக்கே. கீழ்த்தளத்தின் கான்கிரீட் பரப்பிலிருந்து மேல்தளத்தின் கான்கிரீட் பரப்பு வரை 3,060 மி.மீ. உயரம் எனவும், அது 18 சம உயரங்களாகப் பிரிக்கப்பட்டது எனவும் கொள்வோம். அப்போது ஒவ்வொரு படியும் 170 மி.மீ. ஆகும். பின்னர் கீழ்த்தளத்தில் 75 மி.மீ., படிகளில் 40 மி.மீ., மேல்தளத்தில் 15 மி.மீ. தடிமனுக்கு முடிப்பு இடப்படுகின்றது. இடையிலுள்ள படிகள் அனைத்தும் சமமாக உயர்வதால் அவற்றில் மாற்றமில்லை. முதற் படியோ 170 + 40 - 75 = 135 மி.மீ. ஆகின்றது; கடைசிப் படி 170 + 15 - 40 = 145 மி.மீ. ஆகின்றது. இரண்டும் மற்றவற்றை விட மிகத் தாழ்ந்துவிடுகின்றன.

மூன்று தடிமன்களும் முன்னரே தெரிந்திருந்தால், முடிந்த பரப்புகளுக்கு இடையிலான உயரமே 3,060 மி.மீ. எனக் கொண்டு, சென்ட்ரிங் பலகை அடிக்கும்போது முதற் படியை 205 மி.மீ. ஆகவும் கடைசிப் படியை 195 மி.மீ. ஆகவும் வார்த்து, இடையிலுள்ளவற்றை 170 ஆகவே விடலாம். முடிப்பு இட்டபின் எல்லாம் சமமாகும். கான்கிரீட் இறுகிய பின்னர் இதைச் சீராக்கக் கொத்திவிட்டு மீண்டும் பூசுவதைத் தவிர நல்ல வழி இல்லை. பல ஆண்டுகள் கழித்து மேல்தளத்தின் பழைய ஓட்டின் மேலேயே புதிய ஓடு பதிப்பவர்களும் இதே வேறுபாட்டை உண்டாக்குகின்றனர்.

படிகளுக்கான பொருள்கள்

படிகளுக்கு 16 முதல் 20 மி.மீ. வரை தடிமனுள்ள கிரானைட் பலகை மிகுதியாகப் பயன்படுகின்றது. ஒரு படியை ஒரே கல்லால் மூட முடிவதும், முன்விளிம்பை உருட்டித் தேய்க்க முடிவதும் இதன் சிறப்புகள். குறை, பளபளப்பாக்கிய பரப்பு ஈரத்தில் வழுக்குவதே. விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று காடிகள் வெட்டுவதும், வெளிப்படிகளில் தீயால் சொரசொரப்பாக்கிய கல்லை இடுவதும் இதைக் குறைக்கும். புள்ளிகள் நிறைந்த ஒரே நிறக் கல்லை எல்லாப் படிகளிலும் பதித்தால், இறங்கும்போது ஒரு படி முடியும் இடம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. முதியோர் உள்ள வீடுகளில் விளிம்பு வேறு நிறத்தில் இருப்பது நன்று. கடைகளில் மாதிரிக் கல்லைத் தட்டையாக வைத்துப் பார்ப்பதால் இக்குறை வாங்கும்போது தெரிவதில்லை.

விட்ரிஃபைடு ஓடுகள் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சுவதில்லை. கறை படியாமைக்குக் காரணமான இதே இயல்பால் வெறும் சிமெண்டுக் கலவை அவற்றில் நன்கு பற்றுவதில்லை. பலபடிமம் சேர்ந்த ஒட்டுக்கலவை தேவை. படிவிளிம்பில் ஓட்டின் அடியில் வெற்றிடம் இருந்தால் மிதிபடும்போது அது உடைந்துவிடும். சுவர் ஓடுகளைப் படிகளில் பதித்தல் கூடாது. கடப்பைக் கல்லும் கோட்டாக் கல்லும் சிக்கனமானவை.

மேல்தளத்தின் எடை

18 மி.மீ. கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 49 கிலோகிராம் எடையுள்ளது. அதன் அடியிலுள்ள 40 மி.மீ. சிமெண்டுக் கலவை மேலும் 84 கிலோகிராம் ஆகும். இவ்வாறு 10 அடிக்கு 12 அடி அறை ஒன்றில் முடிப்பு மட்டுமே சுமார் ஒன்றரை டன் ஆகின்றது. 10 மி.மீ. ஓட்டை ஒட்டுக்கலவையால் பதித்தால் இதில் கால் பங்கே வரும். குடியிருப்பு அறைகளில் ஆட்கள், அறைகலன்கள் ஆகியவற்றுக்காக இந்தியத் தர நிர்ணயம் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோகிராம் என்பதோடு இதை ஒப்பிட்டு நோக்கலாம்.

மேல்தளக் குளியலறைகளில் குழாய்களுக்காகத் தளம் தாழ்த்தி வார்க்கப்படுகின்றது. அப்பள்ளத்தைச் செங்கல் உடைசலால் நிரப்பினால் எடை மிகும். எடை குறைந்த நிரப்பு விரும்பத்தக்கது. நீர்க்காப்புப் பூச்சு இட்டபின் ஒரு நாளுக்குக் குறையாமல் நீர் தேக்கி, கீழ்த்தளக் கூரையில் கசிவு தெரிகின்றதா எனப் பார்த்த பின்னரே ஓடு பதிப்பர்.

கல்லும் ஓடும் காலடி ஓசையைக் கீழறைக்குக் கடத்துகின்றன. மரத்தரையும் வினைல் விரிப்பும் இதைக் குறைக்கும். ஆயினும் லேமினேட் பலகைகள் ஈரத்தில் உப்புவதால், மழைச்சாரல் புகும் அறைகளுக்கு அவை ஏற்றவையல்ல.

பதிக்கும் வேலை மேல்தளத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி வரும். கல்லும் மணலும் படி வழியாகவே சுமந்து செல்லப்படுவதால் படிகளின் முடிப்பு மேல்தளம் முடிந்த பின்னரே இடப்படுகின்றது. வண்ணப் பூச்சு முடியும் வரை அதன் மேல் சாக்கும் பாரிஸ் சாந்தும் பரப்பி மூடி வைப்பர்.