வாப்பா பயணம் போகும்போது...



கணவர் தொழிலுக்காக ஸவூதிக்கோ கட்டாருக்கோ புறப்படுகிறார். பிள்ளை அழுமே என்று, அது தூங்கும் நேரம் பார்த்து அவரை வழியனுப்புவது நம்மில் பலரது வழக்கம். விடிந்ததும், "வாப்பா கடைக்குப் போயிருக்கார், இப்ப வருவார்" என்று ஒரு பொய்யும் சொல்கிறோம்.

அன்றைய அழுகை இதனால் குறையலாம். ஆனால், தூங்கி எழுந்தால் ஆள் காணாமல் போய்விடும் என்ற பயம் அந்தப் பிஞ்சு மனதில் பதிந்துவிடுகிறது. பின்பு அது தூங்க மறுக்கும். உங்களை விட்டு அசையாது.

ஒரு தாய், "வா, ஒன்று தருகிறேன்" என்று தன் மகனை அழைத்தார். என்ன கொடுக்க எண்ணினீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, பேரீச்சம்பழம் என்றார். எதுவும் கொடுக்காதிருந்தால் அது உம்மீது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நபியவர்கள். அபூதாவூதில் வரும் இச்செய்தியை நாம் மறக்கலாமா?

எனவே, சில நாட்களுக்கு முன்பே உண்மையைச் சொல்லுங்கள். பெட்டி அடுக்கும்போது பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாப்பாவே அணைத்து, ஸலாம் சொல்லி, அல்லாஹ்விடம் ஒப்படைத்துப் புறப்படட்டும். பிள்ளை அழுதால் அழட்டும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இரண்டு வருடம்" என்பது சிறு பிள்ளைக்கு விளங்காது. "இரண்டு நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு" என்றால் ஓரளவு விளங்கும். வரும் நாள் நிச்சயமில்லையென்றால் நாள் குறிக்காதீர்கள். "இன்ஷா அல்லாஹ் வருவார்" என்பதே போதும்.

தொலைபேசிக்கு ஒரு நேரத்தை வழக்கமாக்குங்கள். இங்கே இரவு 8 மணி என்றால் ஸவூதி, கட்டார், குவைத்தில் மாலை 5.30. பிள்ளை இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடினால் வற்புறுத்த வேண்டாம்.

விட்டிருந்த பிள்ளை மீண்டும் படுக்கையை நனைக்கலாம், சாப்பிட அடம்பிடிக்கலாம். ஏசாதீர்கள். "குழப்படி செய்தால் வாப்பா வரமாட்டார்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். வாப்பா வராததற்குத் தானே காரணம் என்று அது நம்பிவிடும்.

பயணம் போவது தாயென்றாலும் இவையே பொருந்தும். அப்போது உம்மம்மாவோ சாச்சியோ, பொறுப்பேற்கும் ஒருவரிடம் பிள்ளையை முன்கூட்டியே பழக்கிவிட வேண்டும்.

நெடுநாளைக்குப் பின் வரும் வாப்பாவைக் கண்டு பிள்ளை ஒளிந்துகொண்டால் மனம் நோக வேண்டாம். அது நெருங்கி வரும்வரை அவர் பொறுத்திருக்கட்டும். அதுவரை ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அந்தச் சின்னக் கைகளையும் ஏந்தச் செய்து, வாப்பாவுக்காக துஆக் கேட்கப் பழக்குங்கள். பயணத்திலிருக்கும் நம்மவர்கள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக!