வலிப்பு நோய் இருந்தால் உடற்பயிற்சியே கூடாதா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீடுகளில் நுழைந்தால், முதலில் கண்ணில் படுவது குழித்தறிதான். தரையோடு உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மிதித்து நெய்ய வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்கு வலிப்பு நோய் இருந்தால், 'தறிக்கிட்ட போகாதே, மாடி ஏறாதே' என்று ஆரம்பித்து, 'பேசாம உட்காரு' என்பதில் முடியும். குழியைப் பற்றிய பயம் நியாயமானது. அதற்காக நாள் முழுக்க உட்கார வைப்பது?

என்னோடு பள்ளியில் படித்த ஒரு தோழிக்கு பி.டி. பீரியடில் ஒரே வேலைதான். மரத்தடியில் எங்கள் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல். 1992 உலகக் கோப்பையில் ஸ்டம்பை நோக்கிப் பாய்ந்து இன்சமாமை ரன் அவுட் செய்த ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு நோய் உண்டு என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

உடற்பயிற்சியால் வலிப்பு வருவது அபூர்வம். மாத்திரையைத் தவறவிடுவது, தூக்கம் கெடுவது, காய்ச்சல், மது ஆகியவைதான் பெரும்பாலும் தூண்டுகின்றன. முகூர்த்த சீசன் ஆர்டருக்காக ராத்திரி கண்விழிப்பதும், வைகாசி கருட சேவைக்காக விடிய விடிய விழித்திருப்பதும் காலை நடைப்பயிற்சியைவிட ஆபத்தானவை. இன்னொரு விஷயம், சில வலிப்பு மாத்திரைகளை வருடக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு பலவீனமாகலாம். நடப்பதும் படியேறுவதும் எலும்புக்கு பலம் தரும்.

வீட்டில் என்ன செய்யலாம்? கூடத்தில் பாய் விரித்து, கூர்முனை உள்ள சாமான்களை ஒதுக்கிவிட்டு, கை கால் நீட்டும் பயிற்சிகள் செய்யலாம். பாட்டுப் போட்டு ஆடலாம். சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்து எழலாம். வீட்டில் யாராவது இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி வேண்டாம். டிரெட்மில்லும் வேண்டாம், விழுந்தால் அடி பலமாக இருக்கும். முடித்துவிட்டுக் குளிக்கும்போது பாத்ரூம் கதவைத் தாழிடாதீர்கள். கோயில் குளத்தில் தனியாக இறங்கவே கூடாது.

யோகா செய்பவர்கள் கவனிக்க: இ.இ.ஜி. எடுக்கும்போது சில நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். வலிப்பின் அறிகுறி வெளிப்படட்டும் என்பதற்காகவே அது. எனவே கபாலபாதி போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளை டாக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். தலைகீழ் ஆசனங்களும் அப்படியே. வலிப்பு அடிக்கடி வருகிறவர்கள் எந்தப் பயிற்சியாக இருந்தாலும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

பெண் பிள்ளை என்றால், 'வெளியே தெரிஞ்சா கல்யாணம் நடக்காது' என்ற பயம் வேறு, அவளை அறைக்குள்ளேயே வைத்துவிடுகிறது. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்தைச் செல்லாததாக்குவதற்கான காரணங்களில் ஒன்றாக இருந்த வலிப்பு நோயை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். சிகிச்சையை ஒழுங்காக எடுத்தால் 70 சதவிகிதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பயிற்சியின் நடுவே வலிப்பு வந்தால், இரும்புச் சாவி தேடி ஓடாதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே 108.