பெட்டிக்குள் ஒரு வேட்டைக்காரி – 11: கால் தளரும் காலம்

கடைசித் தோலுரிப்பு முடிந்து சிறகு முளைத்துவிட்டால், கும்பிடுபூச்சி அதற்குமேல் வளராது என்று சென்ற வாரம் பார்த்தோம். மிச்சமிருப்பது சில மாதங்கள்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வாழ்வதும், ஐரோப்பியர்கள் ஆசையாக வளர்ப்பதுமான ஹைரோடுலா மெம்ப்ரனேசியா இனத்தில், சிறகு வந்த பெண் நாலைந்து மாதம் இருக்கும். ஆணுக்கு ஆயுள் அதைவிடக் குறைவு.

முதுமை முதலில் தெரிவது பாதத்தில். ஒவ்வொரு பாதமும் ஐந்து சிறு கணுக்களால் ஆனது. முனையில் இரண்டு நகங்கள். வயதானால் நுனிக் கணு கறுத்துக் காய்ந்து உதிரும். பிறகு அதற்கு அடுத்தது. குஞ்சுப் பருவத்தில் இழந்த கால், அடுத்தடுத்த தோலுரிப்பில் மறுபடி வளரும். இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது. தலைகீழாகத் தொங்கியே வாழும் பிராணிக்கு நகம் போனால் பிடி போயிற்று. ஏறும், விழும், மறுபடி ஏறும். மல்லாந்து விழுந்தால் புரளமுடியாமல் கிடக்கும்.

அடுத்தது கண். இரவில் கண் முழுக்கக் கறுப்பது இயல்பு. விடிந்ததும் பழைய நிறம் திரும்பிவிடும். நாம் நகர்ந்தால் கூடவே நகரும் கரும்புள்ளி வெறும் ஒளித்தோற்றம். பகலிலும் மறையாமல் ஒரே இடத்தில் நிற்கும் கறைதான் தேய்மானம். பெட்டிச் சுவரில் முகத்தை உரசி உரசி வருவது அது. கறை பெருகப் பெருக, பாய்ச்சல் குறி தப்பும்.

பூச்சி இரையைத் தொடவில்லை என்றால் பசி அற்றுவிட்டதாகவே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பசி இருக்கிறது, பிடிக்கத்தான் முடியவில்லை. ஒரு வெட்டுக்கிளியை இரண்டாக வெட்டி, ஈரமான பக்கத்தை இடுக்கியால் வாயில் தொட்டுப் பாருங்கள். முதலில் தலையைத் திருப்பும். ஈரம் படிந்ததும் தாடை மெல்ல அசையத் தொடங்கும், பிறகு முன்னங்கால்கள் நீண்டு இரையை அணைத்துக்கொள்ளும். அப்படி ஊட்டினாலே இன்னும் பல நாள் ஓடும்.

உண்ணாமை எல்லாம் முதுமையும் அல்ல. சிறகு மொட்டு உப்பிய குஞ்சு தோலுரிக்கக் காத்திருக்கிறது, அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். வயிறு புடைத்த பெண் முட்டையிடப்போகிறது. கறுப்பாகக் கக்கி, துர்நாற்றமும் வீசினால் அது நோய். எந்த வயதிலும் வரலாம்.

கிழப்பூச்சிக்கு உயரமான பெட்டி ஆகாது. அடியில் மெல்லிய காகிதம் விரித்து, சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சரிவாக வையுங்கள். தண்ணீரைத் தூரிகை நுனியில் ஒரு துளியாகக் காட்டினால் போதும். உயிருள்ள வெட்டுக்கிளியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போகவே கூடாது. எதிர்க்கமுடியாத பூச்சியின் காலை அது கடித்துவிடும்.

உறைபெட்டியில் வைத்து முடித்துவிடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. துளித் தண்ணீருக்கு வாயை அசைக்கும்வரை வேண்டாம் என்பதே என் கட்சி. உயிர் போயிற்றா என்பதிலும் அவசரம் கூடாது. அசையாமல் கிடக்கும் பூச்சி, உணர்கொம்பைத் தொட்டால் லேசாகத் துடிக்கலாம். ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

பெட்டியைக் கழுவுமுன் கூரையைப் பாருங்கள். காய்ந்த நுரைபோல ஒட்டியிருப்பது முட்டைக்கூடு. ஆணோடு சேர்ந்த பெண் என்றால் அதைச் சுரண்டிவிடாதீர்கள். அதைப் பொரிக்கவைப்பது எப்படி என்று அடுத்த வாரம் சொல்கிறேன்.