ஒரு விமானத்துக்கு எத்தனை பேர்?

1940இல் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு பிரித்தானிய அரசு ஒட்டிய விலை 5,000 பவுண். அடக்கச் செலவு அதைவிட அதிகம். ஆனால் நன்கொடை கேட்டுப் போகிறவர் கையில் சொல்ல எளிதான ஒரு முழு எண் இருக்க வேண்டும் அல்லவா? ஓர் ஊரோ கம்பனியோ சங்கமோ 5,000 பவுண் கட்டினால், அதன் பெயரை விமானத்தின் பக்கவாட்டில் எழுதுவார்கள். அன்றைக்கு இலங்கை ரூபா ஒன்று, ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஆக 5,000 பவுண் 66,667 ரூபா.

இதைத் தோட்டத்துக் கணக்குக்கு மாற்றுவோம். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் உழைப்பை அளப்பது பேர் கணக்கில். காலையில் பிரட்டுக் களத்தில் நின்று, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். நிறுவை குறைந்தால் அரைப் பேர். மழை, காய்ச்சல், பிள்ளைக்குச் சுகமில்லை என்பதற்கெல்லாம் செக்ரோலில் கட்டம் கிடையாது.

1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்கூலி, மேட்டு நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். 1930களின் பொருளாதார மந்தத்தில் அதிலும் கைவைத்தார்கள். போர்க்காலத்தில் பஞ்சப்படி என்று கொஞ்சம் சேர்ந்தது. ஏறியதையும் இறங்கியதையும் விட்டு, கொழுந்து எடுக்கும் பெண்ணின் 43 சதத்தையே இங்கே அளவாக வைத்துக்கொள்கிறேன்.

66,667 ரூபாவை 43 சதத்தால் வகுத்தால் ஒரு இலட்சத்து 55 ஆயிரம் பேர். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று தாராளமாக வைத்தாலும், ஒரு பெண் 517 ஆண்டு கொழுந்து எடுக்க வேண்டும். 500 பெண்கள் உள்ள பெரிய தோட்டம் என்றால், ஓர் ஆண்டில் அத்தனை பெண்களும் சம்பாதித்தது முழுக்கப் போனால் ஒரு விமானம். அந்த ஆண்டு யாரும் சாப்பிடக் கூடாது.

இலங்கையின் நன்கொடை போர் விமானத்தோடு நிற்கவில்லை. பிரித்தானிய விமானப்படையின் 102ஆவது அணிக்கு ‘சிலோன்’ என்று பெயர் சேர்ந்தது இந்தத் தீவு கொடுத்த பணத்தால்தான். அது குண்டுவீச்சு அணி. முதலில் விட்லி, பிறகு ஹலிஃபக்ஸ். ஹலிஃபக்ஸில் 7 பேர் போவார்கள். விழுந்தால் பெரும்பாலும் ஏழு பேரும் விழுவார்கள். குண்டுவீச்சு விமானிக்குப் பத்திரிகைகள் ஏஸ் பட்டம் கொடுப்பதில்லை. ஐந்து எதிரி விமானங்களையாவது வானில் வீழ்த்திய போர் விமானிக்கே அந்தப் பெயர். முதலாம் உலகப் போரில் பிரெஞ்சுப் பத்திரிகைகள் தொடக்கி வைத்த வழக்கம் அது.

அப்படி ஏஸ் ஆன ஒருவருடைய கணக்கில் சரிபாதி கொழும்பு வானத்தில் எழுதப்பட்டது. ஜேம்ஸ் வேலன், கனடாவின் வான்கூவர் ஊர்க்காரர். 1941இல் 129ஆவது அணியில் இருந்தபோது மூன்று ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்களை வீழ்த்தினார். பிறகு 30ஆவது அணியோடு இலங்கைக்கு வந்தார். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்புக்கு மேலே மூன்று ஜப்பானிய ‘வால்’ குண்டுவீச்சு விமானங்கள். மொத்தம் ஆறு.

அந்த ஞாயிறு ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் ஜாவாவும் போயின. மலாயா ரப்பர், ஜாவாத் தேயிலை, பர்மா அரிசி மூன்றும் ஒரே மூச்சில் கைமாறின. நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய ரப்பர் நிலம் இலங்கை. தேயிலைக்கு இந்தியாவும் இலங்கையும். பிரித்தானியாவில் 1940 ஜூலை முதல் தேயிலை ரேஷனில்; ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். ஆண்டுக்கு 104 அவுன்ஸ், அதாவது ஆறரை இறாத்தல். ஒரு இறாத்தல் தூளுக்குச் சுமார் நாலரை இறாத்தல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஆக ஒரு பிரித்தானியர் ஓராண்டு முழுக்கக் குடித்த ரேஷன் தேநீருக்குத் தேவைப்பட்டது 29 இறாத்தல் கொழுந்து, 13 கிலோ. இன்றைக்குப் பல தோட்டங்களில் ஒரு பேருக்குக் கேட்கும் 18 கிலோவைவிட அது குறைவு. சண்டை முடிந்து தரையிறங்கிய விமானி முதலில் கேட்டதும் ஒரு கோப்பைத் தேநீராகத்தான் இருந்திருக்கும். 43 சதம் எங்கே போய் நின்றது பாருங்கள்.

இனி அன்றைய வரவு செலவு. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையில் விமானந்தாங்கிகள் ஐந்து: அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாகு, சுய்காகு. முதல் நாள் மாலையே கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், தென்கிழக்கே ஏறத்தாழ 400 மைல் தொலைவில் அந்தக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பி முடிப்பதற்குள் அவருடைய கட்டலினா விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். உள்ளே இருந்தவர் 9. உயிரோடு சிறைப்பட்டவர் 6. மறுநாள் காலை ஏழரை மணியளவில் 91 குண்டுவீச்சு விமானமும் 36 ஸீரோ போர் விமானமும் கொழும்பு மேல் வந்தன. தலைமை தாங்கியவர் பேர்ல் ஹார்பரில் தலைமை தாங்கிய அதே ஃபுச்சிதா.

செய்தி முந்தின நாளே வந்திருந்தும் ரேடார் எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. ரத்மலானையில் இருந்த 30ஆவது அணியின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே ஓடி ஏறின. குதிரைப் பந்தயத் திடலை விமானத் தளமாக மாற்றி அங்கே 258ஆவது அணியை வைத்திருந்தார்கள். அப்படி ஒரு தளம் இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. அதனால் அந்த 14 ஹரிக்கேன்களும் நிம்மதியாக ஏறின. திரும்பாதவை 9. இந்த அணியின் முந்தைய ஆட்கள் சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் சிதறிப் போனதால் மார்ச் கடைசியில்தான் அதை மறுபடி கூட்டியிருந்தார்கள். எதிரில் வந்த ஜப்பானியக் கடற்படை விமானி போர் தொடங்கியபோதே சராசரியாக 700 மணி நேரம் பறந்தவர். ஹரிக்கேனின் துப்பாக்கிகளில் தோட்டா பதினைந்து பதினேழு விநாடிக்கு மேல் தாங்காது. ஸீரோவின் இரண்டு 20 மில்லிமீற்றர் பீரங்கிகளுக்கும் குண்டு தலா 60 மட்டுமே. ஏழு விநாடியில் தீர்ந்துவிடும். வீரக்கதைகளில் சண்டை நீளும். இயந்திரத்தின் கணக்கில் ஒரு விமானியின் வாழ்க்கை அந்த ஏழு விநாடிக்கும் பதினேழு விநாடிக்கும் இடையில்.

எத்தனை விழுந்தது? சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதிய கணக்குப்படி எதிரி விமானம் 21 அழிந்தது. தம் பக்கத்தில் போர் விமானம் 19, கடற்படையின் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானம் 6. போருக்குப் பிறகு ஜப்பானியர் பதிவேடுகளைத் திறந்து பார்த்தால் கொழும்பு மேல் அவர்கள் இழந்தது 7: ஒரு ஸீரோ, ஆறு வால்.

21 எங்கே, 7 எங்கே. பறந்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே விமானத்தை இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்துச் சுடுவார்கள். புகை கக்கிக்கொண்டு மேகத்துக்குள் இறங்கினால் ஆளுக்கொரு வெற்றி. அது கப்பலுக்குத் திரும்பி இறங்கியதா என்று பார்க்க யாரும் பின்னால் போவதில்லை. இறங்கியவுடன் உளவு அதிகாரி ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விசாரித்து, ‘அழிந்தது’, ‘அநேகமாக அழிந்தது’, ‘சேதமடைந்தது’ என்று மூன்று கட்டங்களில் எழுதுவார். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி. வானத்திலும் அரைப் பேர் உண்டு. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை தராசோடு நிற்பார், இங்கே உளவு அதிகாரி பேனாவோடு. வித்தியாசம் என்னவென்றால் கணக்கப்பிள்ளையின் தராசு கொழுந்தைக் குறைத்துத்தான் காட்டும்.

விழுந்த வால் ஆறு. அவற்றில் மூன்று வேலன் பெயரில். மற்ற ஹரிக்கேன், ஃபுல்மர் விமானிகள், துறைமுகத்துப் பீரங்கிக்காரர்கள் எல்லோரும் மிச்ச மூன்றைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் கேட்டதோ அதற்குப் பல மடங்கு. வேலனின் மூன்றும் மூன்றுதானா, இரண்டரையா என்று இனி யாரும் நிறுத்துப் பார்க்க முடியாது. ஐந்து என்ற கோட்டைத் தொட்டவர் ஏஸ், நாலரையில் நின்றவர் வெறும் விமானி. இந்தக் கோட்டை ஒரு மனிதரின் துணிச்சலுக்கு அளவாக வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வேலன் 1944 ஏப்ரல் 18 அன்று, 34ஆவது அணியில் இருந்தபோது, கோஹிமாப் போரில் இறந்தார். வயது இருபதுகளின் முதல் பாதியில். அதே ஏஸ் பட்டியலில் பதிவான இந்தியர் இந்திரலால் ராய். முதலாம் உலகப் போர், கல்கத்தாக்காரர். 1918 ஜூலை 6 முதல் 19 வரை பத்து விமானங்கள், அவற்றில் இரண்டு பிறரோடு பங்கிட்ட வெற்றி. 22ஆம் திகதி அவரே விழுந்தார். வயது 19. ஏஸ்களில் உலகிலேயே அதிக எண்ணிக்கை ஜெர்மனியின் எரிக் ஹார்ட்மனுடையது: 352. போர் முடிந்தபின் சோவியத் முகாம்களில் பத்து ஆண்டு இருந்து 1955இல் வீடு திரும்பினார்.

சர்ச்சிலின் 19 போர் விமானங்களுக்கு வருவோம். ஒன்றுக்கு அதே 5,000 பவுண் என்று பேச்சுக்கு வைத்தால் 95,000 பவுண். 12 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா. பெண்ணின் 43 சதத்தில் ஏறத்தாழ 29 இலட்சத்து 45 ஆயிரம் பேர். எரிந்து முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே இருந்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சார்ஜன்ட் விமானி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சம்பளம் 12 ஷில்லிங் 6 பென்ஸ், 8 ரூபா 33 சதம். அதாவது 19 பேர். விமானிக்கு அது அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று காலை ஏறியவர்களில் பலருக்கு மறுநாள் சம்பளம் தேவைப்படவில்லை.

கடலில் போனது இன்னும் பெரிது. அதே ஞாயிறு பிற்பகல் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரு போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9 திருகோணமலைத் தாக்குதல். 261ஆவது அணி 8 ஹரிக்கேன்களை இழந்தது, ஹெர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கி 307 பேர் மாண்டார்கள். ஜப்பானியர் திரும்பிப் போனார்கள். இரண்டு மாதத்தில், மிட்வேயில், இலங்கைக்கு வந்த ஐந்து தாங்கிகளில் அகாகி, சோர்யூ, ஹிர்யூ மூன்றும் கடலடிக்குப் போயின.

மலையகத்தில் குண்டு விழவில்லை. அங்கே போர் அரிசி மூடையில்தான் வந்து இறங்கியது. இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. பர்மா போனதும் ரேஷன். அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. தொழிலாளர் லயத்து அடுப்பில் ரொட்டிக்கு நிலையான இடம் கிடைத்த காலம் அது. கொழும்புத் துறைமுகத் தொழிலாளர்கள் குண்டுக்குப் பயந்து நகரை விட்டுப் போனார்கள். தோட்டத்து ஆளுக்கு அப்படிப் போக இடமில்லை. 1939 ஓகஸ்டிலேயே இந்திய அரசு இலங்கைக்குக் கூலித் தொழிலாளர் வருவதைத் தடை செய்துவிட்டது. ஊருக்குப் போனவர் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று ஆனது. ஏப்ரல், மே கொழுந்து ஏறும் மாதங்கள். கப்பல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஏழு நாளைக்கொரு முறை மலையைச் சுற்றி எடுத்தே ஆக வேண்டும். விட்டால் கொழுந்து முற்றிவிடும்.

துப்பாக்கிச் சத்தம் மட்டும் மலையகத்துக்கு முன்பே வந்திருந்தது. 1940 ஜனவரி 10, முல்லோயாத் தோட்டம். கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். ஜப்பானிய விமானங்கள் வர இன்னும் இரண்டேகால் ஆண்டு இருந்தது. தொழிலாளர் கேட்டது சதக் கணக்கில். 5,000 பவுணுக்கு நன்கொடை கேட்ட அதே ஆண்டு அது.

1946 குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. கொழும்பு வானத்தில் ஒரு காலைப் பொழுது சண்டையிட்ட கனடியருக்குப் போர்ப் பதிவேட்டில் பெயரும் நாளும் எண்ணும் இருக்கின்றன; இருக்க வேண்டியதுதான். போர் முழுவதும் கொழுந்து எடுத்தவர்களின் பெயரும் நாளும் எண்ணும் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டன: செக்ரோலில். தோட்டங்கள் கை மாறும்போதெல்லாம் பழைய புத்தகங்கள் கறையானுக்கும் பழைய பேப்பர்க் கடைக்கும் போகின்றன. 1939க்கும் 1945க்கும் இடைப்பட்ட செக்ரோலோ, பற்றுச்சீட்டோ, அரிசிக் கணக்கோ உங்கள் வீட்டிலோ தோட்ட அலுவலகத்துப் பரணிலோ கிடந்தால், எரிக்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். தேசிய சுவடிகள் திணைக்களத்திடமோ பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திடமோ கேட்டு ஒப்படையுங்கள். முடியாவிட்டால் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமாவது பிடித்து வையுங்கள்.